ரெண்டாம் வருஷம் படிக்கிறான்

— இன்னும் 'சேர்ந்திருக்கான்'னு சொல்லாதீங்க. அது போன வருஷத்து வார்த்தை.

— வார்த்தைக்குமா காலாவதித் தேதி? நீ வேலை பார்க்கிற மருந்துக்கடையில மாத்திரைக்குத்தான் அதெல்லாம்னு நினைச்சேன்.

— வார்த்தைக்கும் உண்டு. முதல் ரெண்டு மாசம் 'காலேஜ்ல சேர்ந்திருக்கான்.' அப்புறம் 'போய்க்கிட்டிருக்கான்.' ஒரு வருஷம் தாண்டினா 'ரெண்டாம் வருஷம் படிக்கிறான்.' பதினாலு மாசமா நம்ம பையன் சேர்ந்துக்கிட்டே இருந்தா கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க?

— காலேஜ் வாசல் ரொம்பக் குறுகல்னு நினைப்பாங்க.

— சிரிக்கிற நேரமா இது? அக்கா வீட்டுக்காரர் பஸ் ஏறிட்டேன்னு சொல்லி ஒரு மணி நேரமாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல வாசல்ல நிப்பார். இத்தனை நாள் அவங்களைப் போன்லயே சமாளிச்சுட்டோம். இன்னைக்கு முகத்தைப் பார்த்துப் பேசணும். இன்னொரு தடவை சொல்லுங்க. பையன் எங்க?

— காலேஜ்ல.

— எந்தக் காலேஜ்?

— ஆத்துக்கு அந்தப் பக்கம், மேட்டு மேல இருக்கிற பெரிய காலேஜ். பஸ்ல அஞ்சு மணி நேரம்.

— என்ன பண்றான்?

— ரெண்டாம் வருஷம் பயில்கிறான்.

— பார்த்தீங்களா, மறுபடியும். நேத்து கீழ்வீட்டுக்காரர்கிட்டயும் 'பயில்கிறான்'னீங்க. அவர் உங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

— கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேன்னு சொன்னேன்.

— நிஜமாப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவங்க யாராவது 'பயில்கிறான்'னு சொல்றாங்களா? மருந்து வாங்க வர்றவங்க பேசறதை நான் தினம் கேக்கிறேன். 'எங்கங்க படிக்கிறான், பேருக்குப் போறான்'னுதான் அலுத்துக்குவாங்க. பெருமையாச் சொன்னா சந்தேகம் வந்துடும். அலுத்துக்கிட்டே சொல்லுங்க.

— எங்க படிக்கிறான். போறான், வர்றான்.

— 'வர்றான்' வேண்டாம். வரலையே.

— சரி. போறான்.

— லீவுக்கு ஏன் வீட்டுப் பக்கம் வரலைன்னு கேட்டா?

— காலேஜ் லிஃப்ட்ல ஏறினான், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல நின்னு போச்சு. மெக்கானிக் நான்தான், எனக்கு நேரம் இல்ல.

— என்னங்க.

— பாடம் பாக்கி இருந்துச்சு, அங்கேயே தங்கிட்டான்.

— அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். முக்கியமா அந்த நாயைக் கொண்டு வராதீங்க.

— அந்த நாய் உன்னை என்ன பண்ணுச்சு?

— உங்க சூப்பர்வைசர்கிட்ட நீங்க அளந்ததை அவர் மனைவி கடையில வந்து என்கிட்டயே சொல்லிச் சிரிச்சாங்க. காலேஜ்ல ஒத்தைக் கண்ணு நாய் ஒண்ணு இருக்காம். சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால படுத்திருக்குமாம். மணி அடிச்சா எழுந்து வகுப்பு வாசல்ல போய் உக்காந்துக்குமாம்.

— வாத்தியார் வராத அன்னைக்குக்கூட அது வந்துடும். இன்னும் ரெண்டு வருஷத்துல பட்டம் குடுத்துடுவாங்க.

— பொய்னா மாத்திரை மாதிரி சின்னதா இருக்கணும். ஒரு வாய் தண்ணியோட உள்ள போயிடணும். நீங்க சொல்ற பொய்க்குத் தலை, வால், நாலு காலு எல்லாம் இருக்கு. கண்ணு மட்டும்தான் ஒண்ணு குறைச்சல்.

— உண்மைக்கும் வால் இருக்கும்மா.

— உங்க வாயில இருந்து உண்மை வந்து எத்தனை நாளாச்சு? இந்த வீட்டுல நடந்தது எல்லாம் எதனாலன்னு மறந்து போச்சா? 'பரீட்சை எழுதியிருக்கான், முடிவு வரல.' அந்த நாலு வார்த்தையைச் சொல்லியிருந்தா போதும். நீங்க 'இடம் கிடைச்சிருச்சு'ன்னு சொன்னீங்க. சலூன்ல சொன்னீங்க, பேப்பர் கடையில சொன்னீங்க, லிஃப்ட்ல ஏறினவங்க இறங்கினவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க.

— கிடைச்சிரும்னு நினைச்சேன்.

— நினைக்கிறேன்னு சொல்லியிருக்கலாம். இடது கையால எழுதுற பிள்ளை. அந்த மேசையில கை வைக்க இடமே இல்லம்மா, கடைசிக் கேள்விக்கு நேரம் பத்தலைன்னு அன்னைக்கே என்கிட்ட சொன்னான். பட்டியல் வந்தது, பேரு இல்ல. அதைப் பார்த்துட்டு வர்ற வழியில தெருவுல நாலு பேரு அவன் கையைப் பிடிச்சு வாழ்த்தியிருக்காங்க. உள்ள வந்து செருப்பைக்கூடக் கழட்டாம நின்னான். 'அப்பா சொன்னதை ஒவ்வொரு வீடாப் போய் யாரும்மா திருப்பி வாங்குறது'ன்னு கேட்டான். விடிஞ்சு பார்த்தா கட்டில் காலியா இருந்துச்சு.

— தெரியும்.

— 'தேட வேண்டாம்'னு ஒரு சீட்டு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். பெரிய பையன், தானா எழுதி வச்சுட்டுக் கிளம்பியிருக்கான், இதுக்குக் 'காணோம்'ங்கிற வார்த்தை பொருந்தாதுன்னு அந்த எழுத்தர் திருப்பி அனுப்பிட்டார். 'கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான்'னுதான் சொல்லணுமாம். அதுக்கு அவங்ககிட்ட நோட்டு இல்லையாம்.

— அந்த ஆள் மீசையைப் பார்த்தப்பவே நினைச்சேன்.

— அப்புறம் ஒரு கார்டு. 'நல்லா இருக்கேன்.' ரெண்டே வார்த்தை. முத்திரை அழிஞ்சு போயி எந்த ஊருன்னு தெரியல. இருந்தாலும் தினம் எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கிறேன்.

— தெரியும்மா. போதும்.

— போதாது. இந்தப் பொய்யை ஆரம்பிச்சவ நான். அதையும் சொல்லிடுறேன். அவன் போன மறுநாள் எதிர்வீட்டம்மா 'பையன் காலேஜுக்குக் கிளம்பிட்டானா'ன்னு கேட்டாங்க. நான் 'ம்'னு சொன்னேன். ஒரே ஒரு 'ம்.' அதை உக்கார வச்சு இத்தனை மாசமாச் சோறு போட்டு வளர்த்துக்கிட்டு இருக்கோம்.

— இப்ப அதுக்கு மீசை முளைச்சாச்சு.

— கேலி பண்ணுங்க. அவன் என்னைக்காவது திரும்பி வருவான். வர்றப்ப இந்தத் தெருவுல தலையை நிமிர்த்தி நடக்கணும். 'காலேஜ்ல இருந்து வந்திருக்கான்'னு சொல்றதுக்கு ஒரு இடத்தைத் துடைச்சு வச்சிருக்கேன். அது இன்னைக்கு அத்தான் முன்னால உடைஞ்சா நாளைக்கு அக்காவுக்குத் தெரியும், மறுநாள் தெருவுக்கே தெரியும். அப்புறம் அவன் எங்க வந்து நிப்பான்? அதுக்குத்தான் உங்களை வச்சு இந்தப் பாடம் நடத்துறேன். எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல.

— சரி, அழாதே. நாய் வராது. வாக்கு.

— அந்த அலமாரியையும் பூட்டுங்க. அவன் துணியெல்லாம் மடிச்சது மடிச்சபடி இருக்கிறதை அத்தான் பார்த்தா, என்னம்மா, வெறும் உடம்போடவா காலேஜுக்குப் போனான்னு கேப்பார்.

— எல்லாத் துணியும் இல்லையே. ஒண்ணு குறையுது.

— வாயைத் திறக்காதீங்க. நீல ஸ்வெட்டர் எங்கன்னு கேட்டதுக்கு எலி இழுத்துட்டுப் போச்சுன்னு சொன்ன ஆள்தானே நீங்க.

— இழுத்துட்டுத்தான் போச்சு. நல்ல வாட்டசாட்டமான எலி. கொஞ்சம் வயசானது, முன்மண்டையில முடி இல்ல. ஸ்வெட்டர் கையை வாயில கவ்விக்கிட்டு வாசல் வரைக்கும் போயி ஒரு தடவை திரும்பிப் பார்த்துச்சு. குளிர் ஆரம்பிச்ச நேரம். யாருக்காவது தேவைப்பட்டிருக்கும்.

— ரெண்டு மாசம் உக்காந்து நான் பின்னினது. ஒரு பட்டன் விழுந்து போச்சு. அதே நீலம் கிடைக்காம மஞ்சள் பட்டன் வச்சுத் தச்சுக் குடுத்தேன். அம்மா, ஒரு பட்டனுக்கு மட்டும் மஞ்சள் காமாலைன்னு சிரிச்சான். எங்கயோ கைமறதியா வச்சுட்டேன். அந்த வேதனையில நான் இருக்கேன், உங்களுக்கு எலி.

— நாற்காலியை ஜன்னல் பக்கம் போடட்டுமா?

— போடுங்க. ஒண்ணு கேக்கிறேன், விளையாடாம சொல்லுங்க. அவன் இருக்கிற இடம் உங்களுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?

— வியாழக்கிழமை தவறாம வெளியூர் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போறேனே, அந்தக் கதையைச் சொல்லியிருக்கேனா?

— நான் கேட்டது வேற.

— அதுக்குத்தான் வர்றேன். லிஃப்ட் பெட்டிக்கு மேல, கம்பிக்கயிறு ஓடுற இடத்துல, ஒரு புறா வந்து தங்கியிருக்கு. முதல் நாள் ஆசையா ஓடிப் போனேன். இன்னும் ஒரு அடி வச்சா பறந்துருவேன், வீட்டுல போய்ச் சொன்னாலும் பறந்துருவேன், அப்புறம் எந்த ஊருன்னு உனக்கே தெரியாதுன்னு சொல்லிருச்சு.

— புறா சொல்லுச்சாக்கும்.

— கண்ணைப் பார்த்துச் சொல்லுச்சு. அதனால இப்பல்லாம் எண்ணெய் போடுற மாதிரி தள்ளி நின்னு பார்த்துட்டு, கொண்டு போனதை ஓரமா வச்சுட்டு வந்துடுறேன். நான் போனப்புறம் எடுத்துக்குதா, இல்லையா, அதுகூடத் தெரியாது. இளைச்சுப் போச்சு.

— பெத்த பிள்ளையைப் பத்திக் கேட்டா புறாவைப் பத்திச் சொல்றீங்க. உங்ககிட்டப் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்லணும்.

— மணி அடிக்குது. முகத்தைத் துடைச்சுக்க.

— வாங்க அத்தான், வாங்க. இப்படி உக்காருங்க. அக்கா வரலையா?

— அவளுக்கு முழங்கால் வலிம்மா. மூணு மாடி ஏறி வந்ததுல எனக்கே மூச்சு வாங்குது. சொல்லப்போனா, லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்துல லிஃப்ட் இல்லைங்கிறது முறையா சகல?

— வீட்டுக்கு வந்தும் வேலையைப் பார்க்க வேண்டாம்னுதான் தேடிப் பிடிச்சேன் சகல.

— உங்க வாய் மட்டும் பழுதாகிறதே இல்ல. சரி, வந்த விஷயத்தைச் சொல்லிடுறேன். உங்க அக்காதான் போன்ல சொல்லாதீங்க, நேர்ல போயிட்டு வாங்கன்னா. எங்க சின்னவ காலேஜ்ல சேர்ந்துட்டா.

— ரொம்ப சந்தோஷம் அத்தான். பரீட்சை எழுதினதையே எங்ககிட்ட சொல்லலையே.

— யார்கிட்டயும் சொல்லல. முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்துல ஃபைல் பார்த்தவன் நான். இடம் கிடைச்சதுன்னு கடிதம் வந்தப்பக்கூட வாயைத் திறக்கல. கையெழுத்துப் போட்டு, விடுதியில பெட்டியை இறக்கி வச்சுட்டு வந்தப்புறம்தான் 'சேர்ந்துட்டா'ங்கிற வார்த்தையையே எடுத்தேன். அதானே முறை?

— அதான் முறை சகல. எல்லாருக்கும் அது தெரியறது இல்ல.

— எந்தக் காலேஜ்னு நீங்க கேக்கவே இல்லையே. சொல்லப்போனா அங்கதான் விஷயமே இருக்கு. உங்க பையன் படிக்கிற அதே காலேஜ். என்னம்மா, தண்ணி எல்லாம் சிந்திருச்சே.

— கை வழுக்கிடுச்சு அத்தான். துடைச்சுடுறேன். அதே காலேஜா?

— அதேதான். அண்ணன் அங்க இருக்கான், தங்கச்சியைப் பார்த்துக்குவான்னுதான் உங்க அக்காவே சம்மதிச்சா. நேத்து முழுக்க அங்கதான் இருந்தேன். பையனை ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்னு தேடினேன். ஆளைக் காணோம்.

— லீவு இல்லையா அத்தான், எங்கயாவது வெளிய போயிருப்பான். பாடம் வேற பாக்கி இருக்குன்னான்.

— லீவா? நேத்து வகுப்பு நடந்துச்சே. எந்தப் பிரிவு சகல அவன்? என்ன படிக்கிறான்?

— எங்க படிக்கிறான். போறான்.

— அட, அப்படிச் சலிச்சுக்காதீங்க. சொல்லப்போனா நான் காலேஜ் அலுவலகத்துலயே போய் பேரைச் சொல்லிக் கேட்டேன். நோட்டை ரெண்டு தடவை புரட்டிப் பார்த்துட்டு, ரெண்டாம் வருஷத்துல அப்படி ஒரு பேரே இல்லைங்கிறான். முதல் வருஷத்துலயும் இல்லையாம். போன வருஷ நோட்டுலயும் இல்லையாம்.

— எழுத விட்டுப் போயிருக்கும் அத்தான்.

— நானும் அதைத்தான் சொன்னேன். ஒரு மாணவன் பேரை விட்டுட்டு எப்படிப் பதிவேடு வச்சிருக்கீங்கன்னு சத்தம் போட்டுட்டு வந்தேன். விட மாட்டேன். நாளைக்குச் சின்னவளை விட்டு ஒவ்வொரு வகுப்பா விசாரிக்கச் சொல்லியிருக்கேன்.

— வேண்டாம் அத்தான்.

— ஏம்மா வேண்டாம்? இதுல என்ன இருக்கு?

— வேண்டாம்னா விட்டுடுங்களேன். அவனுக்கு... அவனுக்கு அதெல்லாம் பிடிக்காது.

— என்னம்மா, முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பையன் அங்கதானே இருக்கான்?

— பதிவேட்டை விடுங்க சகல. அங்க ஒரு நாய் இருக்கே, அதைப் பார்த்தீங்களா?

— என்னங்க, வாக்குக் குடுத்தீங்க.

— ஒத்தைக் கண்ணு நாய். இடது கண்ணு கிடையாது. சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால படுத்திருக்கும். மணி அடிச்சா எழுந்து வகுப்பு வாசல்ல போய் உக்காந்துக்கும்.

— அத்தான், இவர் பேச்சைக் காதுல வாங்காதீங்க. இவருக்கு ஏதாவது ஒண்ணு அளக்கணும். நாயும் இல்ல, ஒண்ணும் இல்ல.

— இல்லைங்கிறியே, நான் பார்த்தேனே.

— எதை?

— அந்த நாயைத்தான். சகல சொல்றது நூத்துக்கு நூறு சரி. பெட்டியைப் பின்வாசல் வழியாத் தூக்கிட்டுப் போனோம். தண்ணித்தொட்டி பக்கத்துல சுருண்டு படுத்திருந்துச்சு, இடது கண்ணு இல்லாம. மணி அடிச்சதும் உடம்பை உதறிட்டு நேரா வகுப்பு வாசல்ல போய் உக்காந்துச்சு பாருங்க, எங்க சின்னவ விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பாடா, இப்பத்தான் எனக்கு நிம்மதி. பையன் வீட்டுக்கு இவ்வளவு விவரமாச் சொல்றான்னா அங்கதானே இருக்கான்? அந்தப் பதிவேட்டைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லணும்.

— அது... யாரோட நாய் அத்தான்?

— அங்க தட்டு கழுவுற பையன் ஒருத்தன்தான் வளர்க்கிறானாம். பெரிய அண்டாவுல வெந்நீர் கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. அந்த ஆவிக்குள்ள நின்னான், முகம் சரியாத் தெரியல. கூச்ச சுபாவம் போல. எங்களைப் பார்த்ததும் திரும்பி நின்னுக்கிட்டு, இடது கையால தேய்ச்ச தட்டையே தேய்ச்சுக்கிட்டிருந்தான். நாங்க போற வரைக்கும் நிமிரல.

— ஒல்லியா இருந்தானா?

— எலும்பும் தோலுமா இருந்தான். ஆனா நாய்க்கு மட்டும் ராஜ உபசாரம்மா. அது படுக்க நல்ல ஸ்வெட்டரா ஒண்ணை விரிச்சுப் போட்டிருக்கான். அங்க இப்பவும் சாயங்காலம் குளிருது, இவன் வெறும் பனியனோட நிக்கிறான். மனுஷன் போட வேண்டியதை நாய்க்குப் போடுறது முறையா, நீங்களே சொல்லுங்க.

— என்ன நிறம்?

— அதுல என்னம்மா இருக்கு?

— சொல்லுங்க அத்தான்.

— நீலம். வீட்டுல பின்னின மாதிரி இருந்துச்சு. ஒரு பட்டன் மட்டும் மஞ்சள், அதான் கண்ணுல பட்டுச்சு. சகல, ஏன் எழுந்துட்டீங்க?

— கால் மரத்துப் போச்சு சகல. அப்ப, அவன் போட்டுக்கவே இல்லையா?

— யாரு போட்டுக்கல? நீங்க யாரைச் சொல்றீங்க?

— என்னங்க.

— சொல்லும்மா.

— வர்ற வியாழக்கிழமை அந்த எலி எத்தனை மணி பஸ்ல போகும்? நானும் வர்றேன். தள்ளியே நின்னு பார்த்துக்கிறேன்.